ஜெபல் ஹஃபீத் மலையும் அதன் அடிவாரமும்: கொழும்பிலிருந்து செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை என எப்பகுதியை எடுத்துக்கொண்டாலும், ஐக்கிய அரபு இராச்சியத்தில் தொழில் செய்பவர் ஒருவரேனும் இல்லாத உறவு வட்டம் அரிது. பிள்ளைகளோடு சில வாரங்கள் தங்கிவரப் போகும் பெற்றோர், டுபாயின் கோபுரங்களையும் அங்காடிகளையும் பார்த்து முடித்த பின்னர், அல் ஐன் பக்கத்தில் ஒரு மலை இருக்கிறதாமே என்று விசாரிக்கத் தொடங்குகின்றனர். அம்மலையைப் பற்றியும், அதைச் சுற்றியுள்ள இடங்கள், வசதிகள் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பெரும்பாலோர் உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். ஆனால் பார்க்கவேண்டியவற்றில் பெரும்பங்கு அடிவாரத்தில்தான் இருக்கிறது என்பது இப்பக்கத்தை எழுதியவரின் உறுதியான கருத்து.

ஜெபல் ஹஃபீத் எங்கே இருக்கிறது? எவ்வளவு உயரம்?

அபுதாபி அமீரகத்தின் கிழக்கு எல்லையில், அல் ஐன் நகருக்குத் தெற்கே, ஓமான் நாட்டின் எல்லையைத் தொட்டபடி இம்மலை நிற்கிறது. உயரம் ஏறக்குறைய 1,249 மீற்றர். பண்டாரவளை நகரம் அமைந்திருக்கும் உயரமும் கிட்டத்தட்ட இதுவே. நுவரெலியா நகரம் இதைவிட 600 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இலங்கையர் எவரும் வியக்கப்போவதில்லை. ஆனால் நம் மலைநாட்டில் ஒரு மலைக்குப் பின்னால் இன்னொன்று தொடர்ந்து நிற்க, ஹஃபீத்தோ மணற்சமவெளியின் நடுவே தனியாக எழுந்து நிற்கிறது. ஆகவே பல கிலோமீற்றர் தூரத்திலிருந்தே அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மரமும் அருவியும் இல்லாத மலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி நியாயமானதே. எல்ல, ஹட்டன் பக்கங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதற்பார்வையில் இது மொட்டைப் பாறையாகத்தான் தோன்றும். ஆனால் பச்சைப் போர்வை இல்லாத காரணத்தினாலேயே இங்கே மலையின் அமைப்பு முழுவதும் வெளியே தெரிகிறது. இது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகளால் ஆனது. புவியோட்டின் அழுத்தத்தால் அவ்வடுக்குகள் மேல்நோக்கி வளைந்து மடிந்து மலையாக உயர்ந்தன. பாதையோரத்து வெட்டுமுகங்களில் அடுக்குகள் சரிந்து நிற்பதை வாகனத்திலிருந்தே காணலாம். சில பாறைகளில் நாணயம் போன்ற வட்ட வடிவக் கடலுயிர்ச் சுவடுகள் பதிந்துள்ளன. பாலைவனத்தின் நடுவில் நின்றுகொண்டு கடலடியைக் கையால் தொடுவது எளிதில் கிடைக்கும் அனுபவமன்று. மலைக்குள் குகைகளும் உண்டு. ஆனால் அவை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை, குடும்பத்தோடு வருபவர் நுழைவதற்கு உரியவை அல்ல.

இம்மலைப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. கல்லையோ சுவடுகளையோ நினைவுப்பொருளாக எடுத்துவரக் கூடாது.

கொழும்பிலிருந்து எப்படிப் போய்ச் சேர்வது?

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கும் அபுதாபிக்கும் நேரடி விமானங்கள் உள்ளன. பறப்பு நேரம் நான்கரை மணி முதல் ஐந்து மணி வரை ஆகும். அமீரக நேரம் இலங்கை நேரத்தைவிட ஒன்றரை மணி பிந்தியது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் புறப்படும் முன்னரே விசா பெற்றிருத்தல் வேண்டும். அங்கு வசிக்கும் உறவினர் மூலமாகவோ, விமான நிறுவனம் அல்லது பயண முகவர் மூலமாகவோ அதைப் பெறலாம். சுற்றிப்பார்க்கும் விசாவில் சென்று வேலை செய்வது அங்கு குற்றமாகும். தொழிலுக்காகச் செல்பவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்த பின்னரே செல்லவேண்டும். அதன் உடனடித் தொலைபேசி இலக்கம் 1989.

டுபாயிலிருந்து அல் ஐன் சுமார் 130 கிலோமீற்றர், அபுதாபியிலிருந்து சுமார் 160 கிலோமீற்றர். டுபாயின் அல் குபைபா பஸ் நிலையத்திலிருந்து ஈ 201 இலக்கப் பஸ் அல் ஐனுக்கு ஓடுகிறது. அபுதாபியின் பிரதான பஸ் நிலையத்திலிருந்தும் சேவை உண்டு. இரண்டிலும் பணத்தை நடத்துநர் கையில் கொடுக்கும் வழக்கம் இல்லை. டுபாயில் நோல் அட்டையும் அபுதாபி அமீரகத்தில் ஹாஃபிலாத் அட்டையும் பயன்படுகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் ஏற முயன்று தடுமாறுவோர் பலர். அல் ஐன் நகரத்திலிருந்து மலைக்குச் செல்ல வாடகைக் கார் அல்லது உறவினரின் வாகனமே வசதியானது.

எந்த மாதங்கள் உகந்தவை?

நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை பகல் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். அல் ஐன் கடலிலிருந்து விலகியிருப்பதால் அங்குள்ள வெப்பம் வறண்டது. கொழும்பில் போல உடல் நனைவதில்லை. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடலில் நீர் குறைவது தெரியாமலே களைப்பு வந்துவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடித்துக்கொண்டேயிருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் மலையுச்சியில் காற்றும் சேர்ந்துகொள்வதால் மெல்லிய குளிராடை ஒன்று தேவைப்படும். கொழும்பில் பெட்டி அடுக்கும்போது இதைச் சொன்னால் எவரும் நம்புவதில்லை.

மலைப்பாதை ஆபத்தானதா?

அச்சப்படத் தேவையில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. 1980இல் ஜெர்மனிய நிறுவனம் ஒன்று அமைத்த இப்பாதை சுமார் 12 கிலோமீற்றர் நீளமும் அறுபது வளைவுகளும் கொண்டது. ஏறுவதற்கு இரண்டு ஒழுங்கைகளும் இறங்குவதற்கு ஒன்றும் உள்ளன. இரவில் வழி நெடுகிலும் விளக்குகள் எரிகின்றன. கடுகண்ணாவையிலோ பதுளை வீதியிலோ வண்டி ஓட்டியவருக்கு இந்த வளைவுகள் புதிதல்ல. வீதி மிக நன்றாக இருப்பதுதான் இங்குள்ள சிக்கல். அது வேகத்துக்கு அழைக்கிறது. வார இறுதி இரவுகளில் இளைஞர் சிலர் அவ்வழைப்பை ஏற்றும்விடுகின்றனர். இறங்கும்போது தடையை மிதித்தபடியே வராமல் கீழ்க் கியரில் வரவேண்டும். தலைசுற்றல் உள்ளவர் முன் இருக்கையில் அமர்வது நல்லது.

உலகின் முன்னணிச் சைக்கிளோட்ட வீரர்கள் பங்குகொள்ளும் அமீரகச் சுற்றுப் போட்டியின் ஒரு கட்டம் பெரும்பாலும் இம்மலையில்தான் முடிவடைகிறது. ஸ்லோவேனிய வீரர் தடேய் பொகாச்சர் இங்கே பலமுறை முதலிடம் பெற்றிருக்கிறார். போட்டி வழக்கமாகப் பெப்ரவரி மாதத்தில் நடைபெறுவதால், அந்நாளில் பாதை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கும்.

உச்சியில் என்னென்ன வசதிகள் உள்ளன?

விசாலமான வாகனத் தரிப்பிடம், சிற்றுண்டிக்கடை, பார்வைத் தளம் ஆகியவை உள்ளன. உச்சிக்குச் சற்றுக் கீழே, 915 மீற்றர் உயரத்தில், மேர்கியூர் ஹோட்டல் அமைந்துள்ளது. அங்கு தங்காதவர்களும் தேநீருக்குச் செல்லலாம். அருகிலுள்ள அரண்மனை ஆளும் குடும்பத்துக்குரியது. அதன் வாயிற்பக்கம் போய் நிற்பதும் படமெடுப்பதும் வேண்டாம். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பு மேலே இருந்தால், ஒரு பக்கம் மணற்பரப்பும் மறுபக்கம் பசுமையான நகரமும் தெரியும். பின்னர் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைக் காணலாம். நண்பகலில் ஏறினால் தூசிப் புகாரைத் தவிர வேறொன்றும் தெரியாது.

வயதான பெற்றோருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்ற இடம் எது?

மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பசுமை முபஸ்ஸரா என்னும் பூங்கா. பாறைக்கிடையே இருந்து வரும் வெந்நீர் ஊற்று இங்கே வாய்க்காலாக ஓடுகிறது. ஓரத்தில் அமர்ந்து பாதங்களை நீரில் வைத்திருப்பதே இங்கு வரும் முதியவர்களின் பொழுதுபோக்கு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்வந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளிப்பிடங்கள், பிள்ளைகள் விளையாடும் இடம், குடும்பமாகத் தங்கக்கூடிய சிறு வீடுகள், தொழுகையிடம், கழிப்பறைகள் எல்லாம் உண்டு. புல்வெளியில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புரியாணியைத் திறக்கும் இலங்கை, இந்தியக் குடும்பங்களை விடுமுறை நாட்களில் வரிசையாகக் காணலாம். நீர் சில இடங்களில் மிகவும் சூடாக இருக்கும். பிள்ளைகளை விடுவதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். நீரிழிவு காரணமாகப் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இதில் காலை வைக்காதிருப்பதே பாதுகாப்பானது.

மலையடிவாரத்திலேயே செயற்கை நீரோட்டத்தில் படகு செலுத்தும் சாகச விளையாட்டிடம் ஒன்றும் இருக்கிறது. அது இளையவர்களுக்கானது.

மலையடிவாரத்துக் கல்லறைகள் என்று சொல்லப்படுபவை யாவை?

இம்மலையின் மிகப் பெரிய செல்வம் இதுவேயாகும். ஆயினும் வருகையாளர் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். மலையின் கிழக்கு, தெற்கு அடிவாரங்களில், செதுக்காத கற்களை வட்டமாக அடுக்கிக் கட்டிய கூம்பு வடிவக் கல்லறைகள் நிற்கின்றன. இவை கி.மு. 3200 அளவில் தொடங்கி ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குள் கட்டப்பட்டவை. அதாவது அநுராதபுரத்தின் மிகப் பழைய தாதுகோபத்தைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் முந்தியவை. ஒடுக்கமான ஒரு வாயிலும் உள்ளே ஒற்றை அறையும் கொண்ட இக்கட்டடங்களைக் கட்டிய மக்களின் காலத்துக்கே தொல்லியலாளர் 'ஹஃபீத் காலம்' என்று இம்மலையின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர்.

1959இல், அபுதாபிக் கடலோரத்து உம்முந் நார் தீவில் டென்மார்க் தொல்லியலாளர் அகழ்ந்துகொண்டிருந்ததைப் பார்வையிட்ட ஷேக் ஸாயித், இவைபோன்ற கற்குவியல்கள் அல் ஐன் பக்கத்திலும் இருப்பதாகச் சொல்லி அவர்களை அழைத்தார். அப்போது அவர் ஆட்சியாளரின் பிரதிநிதியாக அல் ஐனில் இருந்தார். பின்னாளில் அமீரகத்தின் முதல் ஜனாதிபதியானார். அகழ்வில் கிடைத்த மட்கலங்கள் மெசொப்பொத்தேமியாவோடு தொடர்புடையவை. இப்பகுதி மலைகளின் செம்பு அந்நாட்டுக்கு ஏற்றுமதியானது என்ற வரலாற்றோடு இது பொருந்துகிறது. பாலைவனம் என்றாலே வெறுமை என எண்ணிப் பழகியவர்கள், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிருந்து கடல் கடந்து வணிகம் நடந்தது என்பதை இக்கற்களின் அருகில் நின்று எண்ணிப்பார்க்கலாம்.

2011இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹஃபீத், ஹிலி, பிதா பின்த் சுஊத் ஆகிய தொல்லியல் இடங்களையும் ஆறு பேரீச்சஞ் சோலைகளையும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது. அமீரகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதலாவது மரபுரிமை இதுவே. கல்லறைகள் இப்போது ஜெபல் ஹஃபீத் பாலைவனப் பூங்காவுக்குள் உள்ளன. அங்கே நடைபாதைகளும் கூடாரத் தங்குமிடங்களும் உண்டு. நிழல் மிகக் குறைவு என்பதால் காலை எட்டு மணிக்குள்ளோ, மாலை நான்கு மணிக்குப் பின்னரோ நடப்பது நன்று. செருப்பைவிடச் சப்பாத்து ஏற்றது.

நகரத்தின் நடுவே தோப்பு இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. அல் ஐன் பேரீச்சஞ் சோலை 1,200 ஹெக்டயர் பரப்புடையது. நூறு வகையான, 147,000க்கும் மேற்பட்ட பேரீச்சை மரங்கள் அங்கே நிற்கின்றன. வெளியே வெயில் தகிக்கும்போது உள்ளே மரநிழலில் நடக்கலாம். மண்சுவர்களுக்கு இடையே சைக்கிளிலும் போகலாம்.

சோலையை வாழவைப்பது 'பலஜ்' என்னும் நீர்ப்பாசன முறை. மலைப்பக்கத்து நிலத்தடி நீரை, மிக மெல்லிய சரிவுடைய சுரங்கக் கால்வாயால் பல கிலோமீற்றர் தூரம் நிலத்தடியிலேயே கொண்டுவந்து, சோலையருகில் திறந்த வாய்க்காலாக விடுகிறார்கள். இறைக்கும் பொறி எதுவும் இல்லை. வெயிலில் நீர் ஆவியாவதுமில்லை. இக்கால்வாய்களில் சிலவற்றின் தொன்மை மூவாயிரம் ஆண்டுகள். நீர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறை வைத்து, நேரம் கணக்கிட்டுத் திறந்துவிடப்படுகிறது. மட்டக்களப்பு வயல்வெளியில் வட்டை விதானை நீர்முறை பார்ப்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதேயில்லை. ஷேக் ஸாயித் அல் ஐனில் பொறுப்பேற்ற 1946ஆம் ஆண்டுக்குப் பின், பழுதடைந்த கால்வாய்களைத் திருத்துவதிலும் புதியது அகழ்வதிலும் முன்னின்றார். இன்று நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்துவிட்டமையால் குழாய்க் கிணற்று நீரும் சேர்க்கப்படுகிறது. அதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நீர் வராமல் சோலை பட்டுப்போவதைவிட அது மேலானதே.

கோட்டைகள், அருங்காட்சியகம், மிருகக்காட்சிச்சாலை ஆகியவற்றில் எதைத் தெரிவுசெய்யலாம்?

பிள்ளைகள் உடன் வந்தால் மிருகக்காட்சிச்சாலை. 1968இல் நிறுவப்பட்ட அது மலையடிவாரத்தில் 900 ஹெக்டயரில் பரந்துள்ளது. தெஹிவளையை மனதில் வைத்துக்கொண்டு போனால் கால் வலித்துவிடும். அழிவின் விளிம்புக்குச் சென்று மீட்கப்பட்ட அரேபிய வெண்மானை அங்கே காணலாம். ஒரு கோட்டைதான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் 1890களில் கட்டப்பட்ட அல் ஜாஹிலிக் கோட்டை போதும். 1940களில் ஒட்டகத்தில் பெரும்பாலையைக் கடந்த பிரித்தானியப் பயணி வில்ஃபிரட் தெசிகரின் ஒளிப்படங்கள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. ஷேக் ஸாயித் 1966 வரை வாழ்ந்த மண் அரண்மனையும் அருகிலுண்டு. அல் ஐன் தேசிய அருங்காட்சியகம் 1971 முதல் இயங்கிவருவது. கல்லறைகளைப் பார்த்தவர்கள் அதனையும் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

உடல்நலக் குறைவு ஏற்பட்டால் எங்கே போவது?

அவசர அம்புலன்ஸ் இலக்கம் 998, பொலிஸ் இலக்கம் 999. அல் ஐனில் 1979இல் தொடங்கப்பட்ட தவாம் மருத்துவமனை பெரியது. கனத் மருத்துவமனை அதைவிடப் பழையது: 1960இல், ஷேக் ஸாயிதின் அழைப்பின்பேரில் வந்த அமெரிக்க மருத்துவத் தம்பதியர் தொடங்கியது. இன்றைய ஜனாதிபதி ஷேக் முஹம்மத் பின் ஸாயித் 1961இல் அங்கேயே பிறந்தார். வெளிநாட்டவருக்குச் சிகிச்சைச் செலவு அதிகமாகையால், பயணக் காப்புறுதி இல்லாமல் பெற்றோரை அனுப்பக் கூடாது.

மருந்துகள் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. வழமையாக உட்கொள்ளும் மாத்திரைகளை அவற்றின் பெட்டியோடும் மருத்துவரின் ஆங்கில மருந்துச் சிட்டையோடும் கொண்டுசெல்ல வேண்டும். கோடீன் கலந்த வலிநிவாரணிகள், நித்திரை மாத்திரைகள், மனநல மருந்துகள் போன்றவை அங்கு கட்டுப்படுத்தப்பட்டவை; முன் அனுமதி பெறாமல் அவற்றைப் பெட்டியில் வைப்பது பெருந்தொல்லையில் முடியும்.

சாப்பாடு, கடைகள், வழிபாட்டிடங்கள்?

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மலையாளிகள் நடத்தும் சிற்றுண்டிச்சாலைகளில் பரோட்டாவும் கரக் தேநீரும் எங்கும் கிடைக்கும். தமிழில் பேசினாலே பலர் புரிந்துகொள்வர். லூலூ போன்ற பேரங்காடிகளில் இலங்கைத் தேங்காய்ப்பாலும் மாசிக் கருவாடும் கிடைப்பதுண்டு. மலைக்கு ஏறும் முன் தண்ணீரையும் சிற்றுண்டியையும் நகரத்திலேயே வாங்கிவிடுவது சிக்கனம்.

பள்ளிவாசல்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் உள்ளன. நகர நடுவிலுள்ள ஷேக் கலீஃபா பெரிய பள்ளிவாசல் பார்க்கத்தக்கது. கத்தோலிக்கருக்குப் புனித மரியாள் தேவாலயம் அல் ஐனிலேயே இருக்கிறது. இந்துக்களுக்கு அல் ஐனுக்குள் கோயில் இல்லை. அபுதாபி–டுபாய் நெடுஞ்சாலைப் பக்கம் அபு முரைக்காவில் 2024 பெப்ரவரியில் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் ஆலயத்துக்கும், டுபாயின் ஜெபல் அலியில் 2022இல் திறக்கப்பட்ட ஆலயத்துக்கும் தனி நாள் ஒதுக்கிச் செல்லவேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை காரணமாகப் பல இடங்கள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகல் வேளை பொதுவிடத்தில் உண்பதையும் குடிப்பதையும் தவிர்ப்பது மரியாதை.

பாலைவனத்தில் மழைக்குப் பயப்பட வேண்டுமா?

ஆம், வெயிலுக்கு இணையாகப் பயப்பட வேண்டும். பாறையும் இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சுவதில்லை. மலையில் பெய்த மழை, வறண்டு கிடக்கும் 'வாதி' என்னும் ஓடைகள் வழியே நிமிடங்களில் பெருக்கெடுத்து வரும். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி அல் ஐனைச் சேர்ந்த கத்ம் அஷ் ஷக்லா பகுதியில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர் மழை பதிவானது. 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் அந்நாட்டில் அவ்வளவு மழை பெய்ததில்லை. வானம் இருண்டால் ஓடைப் படுக்கையில் வாகனத்தை நிறுத்தவோ, ஓடும் நீரைக் கடக்கவோ முயலக் கூடாது.

மலைக்கு அப்பால் ஓமானுக்கும் போய்வரலாமா?

ஓமானின் புரைமி நகரம் அல் ஐனை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி விசா வேண்டும். அதோடு, ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் அமீரக விசாவில் வந்தவர் வெளியேறினால் திரும்பி நுழைய முடியாது. எல்லையருகில் கைத்தொலைபேசி ஓமான் வலையமைப்பைப் பிடித்துவிடக்கூடும் என்பதால் ரோமிங்கை நிறுத்தி வைக்கவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க இயலுமா?

இயலாது, முயல்வதும் வேண்டாம். ஒரு நாள் மட்டுமே உண்டு என்றால், காலையில் கல்லறைகள், பத்து மணிக்குப் பேரீச்சஞ் சோலை, மதிய உணவுக்குப் பின் கோட்டை அல்லது அருங்காட்சியகம், நான்கு மணிக்கு வெந்நீர்ப் பூங்கா, அதன் பின் உச்சி என்ற ஒழுங்கு வசதியாக அமையும். வாடகைக் காரில் மேலே செல்பவர்கள் திரும்புவதற்கான கட்டணத்தையும் சேர்த்துப் பேசி, ஓட்டுநரை அங்கேயே காத்திருக்கச் சொல்லவேண்டும். இருட்டிய பின் உச்சியில் வெறும் வண்டி கிடைப்பது அரிது. டுபாய்க்கோ அபுதாபிக்கோ அன்றிரவே திரும்புவதாயின், கடைசிப் பஸ் புறப்படும் நேரத்தைக் காலையில் வந்து இறங்கியவுடன் நிலையத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளவும்.